கன்னி மூலையும் கார் கம்பெனிப் படிவமும்

சென்னையிலிருந்து கிளம்பும்போது என் பையில் பன்னிரண்டு பக்கப் படிவங்கள் இரண்டும் ரப்பர் முத்திரை ஒன்றும் நான்கு பருத்திச் சேலைகளும் இருந்தன. பைக்குள் அடங்காத தன்னம்பிக்கையும் கூடவே வந்தது. தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. நான் வேலை பார்த்த கார் கம்பெனி, தனக்குச் சாமான் செய்து தருபவர்களும் தன் கார்களை விற்பவர்களும் மண்ணையும் தண்ணீரையும் கெடுக்கக் கூடாது என்று திடீரென்று தீர்மானித்திருந்தது. தீர்மானம் போட்டது எங்கோ வெளிநாட்டில் இருக்கும் தலைமை அலுவலகம். அதை ஊர் ஊராகப் போய்ச் சொல்கிற வேலை எனக்கு. படிவத்தின் கடைசிப் பக்கத்தில் 'தேர்ச்சி' அல்லது 'தோல்வி' என்று எழுதி நான் முத்திரை குத்த வேண்டும். தோல்வி என்றால் அடுத்த மாதமே ஆர்டர் நின்றுவிடும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ரயிலை விட்டு இறங்கியதும் எங்கள் டீலரின் சர்வீஸ் மேனேஜர் சங்கரலிங்கம் கையில் பெயர் அட்டையோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "சார் வரலையா மேடம்?" என்றார். "நான்தான் சார்" என்றேன். பாவம், அதற்குப் பிறகு மூன்று நாளும் எனக்கு முன்னால் அவர் ஒரு டீ கூட உட்கார்ந்து குடிக்கவில்லை.

சர்வீஸ் ஷெட் துடைத்து வைத்தாற்போல இருந்தது. கார்களிலிருந்து இறக்கும் பழைய எஞ்சின் ஆயிலை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். "அதெல்லாம் ஒரு சொட்டு கீழ போகாது மேடம்" என்றார் சங்கரலிங்கம் பெருமையாக. அவர் வாய் மூடுவதற்குள் மம்சாபுரத்திலிருந்து ஒருவர் சைக்கிளில் கேனோடு வந்து நின்றார். மாட்டுக் கொட்டகைத் தூணில் கரையான், அதற்கு அடிக்க ஆயில் வேண்டுமாம். அவருக்குப் பின்னால் இன்னொருவர், கதவு நிலைக்குப் பூச. ஊரே வந்து வாங்கிப்போய் மரத்தில் பூசிக்கொள்கிறது. மழை பெய்தால் அது எங்கே போகும் என்று கேட்டேன்.

இனிமேல் ஆயில் டிரம்மில் சேர வேண்டும், டிரம்முக்குப் பூட்டு வேண்டும், மறுசுத்தம் செய்கிறவர்களுக்கு மட்டும்தான் போக வேண்டும் என்று சட்டம் பேசினேன். "சரி மேடம். ஆனா கரையானுக்கு என்ன பதில் சொல்லுறது?" என்று அவர் உண்மையான கவலையோடு கேட்டார். படிவத்தில் கரையானுக்குக் கட்டம் இல்லை. வேப்பெண்ணெய் அடிக்கச் சொல்லுங்கள் என்று ஒரு போடு போட்டேன். சாயங்காலத்துக்குள் டிரம்முக்குப் பச்சை பெயிண்ட் அடித்துப் பூட்டும் மாட்டிவிட்டார்கள். தேர்ச்சி என்று எழுதி முத்திரை குத்திவிட்டு, கோயில் தெருவில் சுடச்சுடப் பால்கோவா தின்றேன். சென்னையில் அட்டைப்பெட்டியில் கிடைக்கிற பால்கோவாவுக்கும் இதற்கும் சொந்தபந்தமே கிடையாது. முதல் நாளே ஒன்றை முடித்தாயிற்று, நாளைக்கு இன்னொன்று, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு தூங்கினேன்.

இரண்டாம் நாள் ராஜபாளையம். டீலரின் சொந்தக் காரிலேயே கிளம்பினோம். ஊர் எல்லை தாண்டி இரண்டு மைல் போவதற்குள் முன்பக்கத்திலிருந்து புகை கிளம்பியது. சுற்றுச்சூழல் சோதனைக்குப் போகிற கார், கரும்பு ஆலை மாதிரி புகைந்துகொண்டு நடுரோட்டில் நின்றது. சங்கரலிங்கத்தின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. "ஹோஸ் பைப்புதான் மேடம், செத்த நேரத்துல சரியாயிரும்" என்றார். அந்தச் செத்த நேரத்தில் மூன்று பஸ் போய்விட்டது. நாலாவதைக் கைகாட்டி நிறுத்தி ஏறிவிட்டேன்.

பஸ்ஸில் உட்கார இடமில்லை. என் தோள்பையைப் பார்த்து ஓர் அம்மா பக்கத்தில் இருந்தவளிடம், "ஏட்டி, சென்செஸ் எடுக்க வந்திருக்காவ போல" என்றாள். "சென்செஸ் இல்ல, கொசு மருந்து ஆபீஸரா இருக்கும்" என்றாள் மற்றவள். நான் சிரித்ததைப் பார்த்ததும் நகர்ந்து அரை ஆள் அகலத்துக்கு இடம் கொடுத்தார்கள். மேற்கே மலை கூடவே வந்துகொண்டிருந்தது. காலை வேளையிலும் அந்தப் பக்கத்துக் காற்று குளிர்ச்சியாக இருந்தது. எங்கள் தெருவில் இந்நேரம் தண்ணீர் லாரிக்குக் குடம் வரிசை வைத்துச் சண்டை ஆரம்பித்திருக்கும்.

நான் பார்க்கப் போனது நரசிம்ம ராஜா என்பவரின் சின்ன ஆலை. மருந்துக்கடையில் காயத்துக்குக் கட்ட வாங்குகிறோமே, அந்த மெல்லிய பேண்டேஜ் துணிதான் அவருடைய சரக்கு. காருக்குப் பெயிண்ட் அடிப்பதற்கு முன் தூசியைத் துடைத்தெடுக்கவும் அதே துணிதான் வேண்டும். அவர் நெய்கிறதில் பாதிக்கு மேல் எங்கள் தொழிற்சாலையின் பெயிண்ட் ஷாப்புக்கு வந்தது. நாற்பது பேர் அங்கே வேலை பார்த்தார்கள். துணியை வெளுக்க பிளீச்சிங் போட்டுக் கொதிக்கவைக்கிற தொட்டிகள் இருந்தன. அந்தத் தொட்டித் தண்ணீரைச் சுத்தம் செய்து வெளியே விட நான்தான் ஆறு மாதத்துக்கு முன் சென்னையில் உட்கார்ந்து படம் வரைந்து அனுப்பியிருந்தேன். 'படம் கிடைத்தது, மிக்க நன்றி' என்று பதில் வந்திருந்தது.

வாசலில் வெள்ளை வெளேரென்று ஒரு நாய், என்னைக் கடிக்கலாமா வேண்டாமா என்று முதலாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. நரசிம்ம ராஜாவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, ஆலைத் துணியைவிட வெளுப்பு. "வாங்கம்மா, எம்புட்டு தூரத்துலேர்ந்து வந்திருக்கீங்க" என்று கும்பிட்டுவிட்டு, உள்ளே திரும்பி மனைவியிடம் தெலுங்கில், "நல்லா சாப்பாடு போடு, வயிறு நிறைஞ்சா பேனா தானா ஓடும்" என்றார். எங்கள் ராயபுரம் வீட்டுக்கு இரண்டு பக்கமும் தெலுங்குக்காரர்கள். "சாப்பிடறேன், ஆனா பேனா என் கையில்தான் இருக்கும்" என்று நானும் தெலுங்கிலேயே சொன்னேன். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார். ராஜா ஒரு நொடி அசந்து, பிறகு என்னைவிடச் சத்தமாகச் சிரித்தார்.

சுத்தம் செய்யும் தொட்டி நான் வரைந்தபடியே மூன்று அறையோடு இருந்தது. கடைசி அறையில் தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்து நின்றது. ஆனால் இடம் மட்டும் மாறியிருந்தது. நிலம் ஓடைப் பக்கமாகத் தென்மேற்கே சரிகிறது என்பதால் நான் தென்மேற்கில் வரைந்திருந்தேன். இவர்கள் மேட்டில், வடமேற்கில் கட்டி, மோட்டார் வைத்துத் தண்ணீரை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வெட்டிச் செலவு என்று மனதுக்குள் நினைத்தேனே தவிர, தண்ணீர் சுத்தமாக இருந்ததால் ஒன்றும் சொல்லவில்லை. பத்துப் பக்கம் கடகடவென்று நிரப்பிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.

பருப்புப் பொடியும் நெய்யும் முதலில், பிறகு கத்தரிக்காய்க் குழம்பு, மாங்காய்ப் பச்சடி, கெட்டித் தயிர், சப்பட்டை மாம்பழம். நான் அவ்வளவு சாப்பிடுகிற ஆள் இல்லை. அன்றைக்குச் சாப்பிட்டேன். தயிருக்கு வரும்போது கரண்ட் போய் விசிறி நின்றது. கை கழுவக் கொல்லைப் பக்கம் போனேன். வீடும் ஆலையும் ஒரே காம்பவுண்டுக்குள் என்பதால் அங்கிருந்து ஆலையின் பின்பக்கம் தெரியும்.

வெளுக்கும் தொட்டிகளைப் பார்த்துக்கொள்கிற ஞானராஜ் பழைய வாய்க்காலின் வாயில் இருந்த மணல் மூட்டையை லாவகமாகத் தூக்கி ஓரமாக வைத்துக்கொண்டிருந்தார். மஞ்சள் நுரையோடு ஆவி பறக்கும் தண்ணீர் தென்மேற்கு மூலையில் இருந்த சுவர் ஓட்டை வழியாக வெளியே ஓடியது. பிளீச்சிங் நெடி மூக்கில் ஏறியது.

"என்னங்க பண்றீங்க?" என்றேன்.

"கரண்டு போச்சுல்லா மேடம்" என்றார் அவர் ரொம்ப சகஜமாக. "வெளுக்குற தொட்டியைத் தொறந்தாச்சு. மோட்டார் ஓடாது. பொறவு தண்ணி எங்கிட்டுப் போகும்? கரண்டு வந்ததும் மூட்டைய வச்சிருவோம்."

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை?"

"கரண்டு எம்புட்டு தடவை போகுதோ, அம்புட்டு தடவை."

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நேராகக் கூடத்துக்குப் போனேன். நரசிம்ம ராஜா வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். பள்ளத்தில் கட்டியிருந்தால் மோட்டாரே தேவையில்லை, கரண்ட் போனாலும் தண்ணீர் தானாகத் தொட்டிக்குப் போயிருக்கும், ஏன் இடத்தை மாற்றினீர்கள் என்று கேட்டேன். கேட்டேன் என்பது மரியாதைக்குச் சொல்கிற வார்த்தை. கத்தினேன்.

"அது கன்னி மூலைம்மா" என்றார் அவர்.

தென்மேற்கைத்தான் இங்கே கன்னி மூலை என்கிறார்கள். அந்த மூலை மேடாக இருக்கலாம், பாரமாக இருக்கலாம், குழி மட்டும் ஆகாது. குழி வெட்டினால் குடும்பத் தலைவனைக் கொண்டுபோய்விடுமாம்.

"அப்படின்னா படம் வந்தப்பவே சொல்லியிருக்கலாமே சார்! நான் வேற ஏதாவது யோசிச்சிருப்பேனே!"

"பெரிய கம்பெனியிலேர்ந்து படிச்ச பொண்ணு வரைஞ்சு அனுப்பியிருக்கு. மூலை சரியில்லைன்னு எப்படிம்மா எழுதுறது?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எங்க அண்ணன் பழைய வீட்டுல கன்னி மூலையில கக்கூஸ் குழி வெட்டினாரு. ஆறே மாசம். நல்லா இருந்த மனுசன். நீங்க ஆர்டரை நிறுத்தினாலும் நிறுத்துங்க, நான் அங்க கடப்பாரை போட மாட்டேன்" என்றார்.

எனக்கு மூலையில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் அவர் முகத்தில் இருந்த பயம் நிஜமானது. மடித்த வெற்றிலையை வாயில் போடாமல் தட்டிலேயே வைத்துவிட்டார். என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. ராயபுரத்தில் எதிர்வீட்டுக்காரர் மூலை பார்த்துச் சமையலறையையே இடித்துக் கட்டியதைப் பார்த்து வளர்ந்தவள் நான். இப்படி ஒரு சிக்கல் வரும் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் ஸ்கேலை வைத்துக் கோடு போட்டிருக்கிறேன். படிவத்தில் 'தோல்வி' என்று பென்சிலால் எழுதினேன். "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் இது பென்சில்தான் சார். அதுக்குள்ள வழி கிடைக்கலைன்னா பேனா எடுப்பேன்" என்றேன். நாற்பது பேரின் வேலை அந்தப் பென்சில் எழுத்தில் தொங்கிக்கொண்டிருப்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

கார் ஒரு வழியாக வந்து சேர்ந்திருந்தது. சங்கரலிங்கத்தைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்கச் சுவரைச் சுற்றி நடந்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. சுவர் ஓரத்து மரங்களின் மட்டைகள் பழுத்துத் தொங்கின. நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி கிணற்றிலிருந்து இறைத்த தண்ணீரைப் பசுவுக்கு முன்னால் வைத்துக்கொண்டிருந்தாள். பசு முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது.

"பாத்தீகளா? ரெண்டு வருசமா இதுதான்" என்றாள் அவள், நான் யார் என்றுகூடக் கேட்காமல். பெயர் பேச்சியம்மாள். புருஷன் போன பிறகு தோப்பையும் இரண்டு பசுக்களையும் தனியாகப் பார்த்துக்கொள்கிறாள். "மாட்டுக்குத் தெருக்குழாயில பிடிச்சு ஊத்துதேன். இப்பப் போய்ச் சொன்னா, அங்க தொட்டி கட்டியாச்சு, தண்ணி சுத்தம்னு சொல்லுதாக. அவியளுக்குச் சுத்தம்தான். எனக்குல்லா நாறுது."

நான் இன்னார் என்று சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "காருக்கா இந்தத் துணி? காரு பளபளன்னு இருக்கணும்னு என் கெணத்த நாறடிச்சீகளாக்கும்" என்றாள். படிவத்தில் எத்தனையோ கேள்வி இருந்தது. இந்த ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஆமாம் என்று சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை. சொன்னேன். அதற்குப் பிறகுதான் அவள் எனக்கு ஓர் இளநீர் வெட்டிக் கொடுத்தாள். தூரத்து மரத்து இளநீர் என்று சொல்லியே கொடுத்தாள்.

குடித்துக்கொண்டே சுவரின் அந்த மூலையைப் பார்த்தேன். ஆலைக்கு அது தென்மேற்கு மூலை. சுவருக்கு இந்தப் பக்கம் நிற்கிற இவளுடைய தோப்புக்கோ அது வடகிழக்கு.

"ஏங்க, உங்க தோப்புக்கு இது எந்த மூலை?" என்றேன், தெரிந்துகொண்டே.

"ஈசான மூலை" என்றாள். "அங்க தண்ணி நின்னா குடும்பம் தழைக்கும்னு எங்க வீட்டுக்காரரு ஒரு தொட்டி வெட்டணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. கைகூடல."

இளநீரை அப்படியே கீழே வைத்துவிட்டேன். தண்ணீரைச் சுத்தம் செய்ய மருந்து கலக்கும் தொட்டிகளை ஆலைக்குள்ளேயே அந்தச் சரிவில் தரைக்கு மேலே கட்டிவிடலாம், அதற்குக் குழி வேண்டாம். தண்ணீர் கடைசியாகத் தெளிகிற குழியைத்தான் தோண்டியாக வேண்டும். அதைச் சுவர் தாண்டி இரண்டடி தள்ளித் தோண்டினால், நரசிம்ம ராஜாவுக்குக் கன்னி மூலையில் கடப்பாரை படாது. இவளுக்கு ஈசான மூலையில் தண்ணீர் நிற்கும். மோட்டாரும் வேண்டாம், கரண்டும் வேண்டாம், மூட்டையும் வேண்டாம்.

மூன்றாம் நாள் காலையில் இரண்டு பேரையும் அந்த மூலைக்கு வரவழைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் அவள். இரண்டு வருடமாக நேருக்கு நேர் பேச்சு இல்லை. நடுவில் ஓட்டைக்குப் பக்கத்தில் நின்று நான் யோசனையைச் சொன்னேன்.

"மேடம், இடத்துக்குப் பதிலா ஆலையில வேலை வேணும்னாலும் தாரேன்னு அந்த அம்மாகிட்டச் சொல்லுங்க" என்றார் ராஜா. கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில்தான் அவள் நின்றாள்.

"வேலை எனக்கு வேண்டாம்னு சொல்லுங்க. என் தென்னை கிடக்கு எனக்கு" என்றாள் பேச்சியம்மாள்.

"வேற என்னதான் வேணுமாம், கேளுங்க."

"வால்வு. குழிக்கு வார பைப்புல ஒரு வால்வு. அது என் பக்கத்துல இருக்கணும், சாவி என் இடுப்புல இருக்கணும். தண்ணி நாறுச்சுன்னா அடைச்சிருவேன்."

நான் தபால்காரி வேலையை விட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். வால்வை அடைத்தால் தொட்டி வடியாது. தொட்டி வடியாவிட்டால் ஆலை நிற்கும். நரசிம்ம ராஜாவின் முகம் சிவந்தது. முதல் தடவையாகச் சுவருக்கு மேலே தலையை நீட்டி நேராக அவளிடமே பேசினார்.

"ஏம்மா, நாப்பது பேரு வேலை செய்யிற இடம். நீ நெனச்சா நிறுத்திருவியா?"

"தண்ணி நல்லா இருந்தா நான் ஏன் நிறுத்துதேன்?" என்றாள் அவளும் நேராக.

அவர் என்னைப் பார்த்தார். நான் உதவிக்குப் போகவில்லை. மலையைப் பார்த்தார். ஞானராஜைப் பார்த்தார். ஞானராஜ் மெதுவாக, "முதலாளி, மூட்டை தூக்கித் தூக்கி எனக்கும் இடுப்பு போச்சு" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டோம், பேச்சியம்மாளும்கூட. சிரிப்பு அடங்கியதும் ராஜா, "ரெண்டு வருசமா நீ சொன்னதை நான் காதுல வாங்கலை. தப்புதான். சாவிய நீயே வச்சுக்கம்மா" என்றார். பெரிய மனுஷர் ஒருவர் வேலையாட்களுக்கு முன்னால் அப்படிச் சொல்லிக் கேட்பது எனக்கு அதுதான் முதல் தடவை.

பென்சில் எழுத்தை அழித்துவிட்டு, இரண்டு மாத அவகாசத்தோடு தேர்ச்சி என்று பேனாவால் எழுதினேன். பதினோராம் பக்கத்தில் 'கழிவுநீரைக் கண்காணிப்பவர்' என்று ஒரு கட்டம் உண்டு. எல்லா ஊரிலும் அதில் ஏதாவது ஒரு மேனேஜர் பெயரை எழுதிக் கொடுப்பார்கள். நான் பேச்சியம்மாள் என்று எழுதினேன். தகுதி என்ற இடத்தில் 'பள்ளத்தில் இருப்பவர்' என்று எழுதினேன். அதற்குக் கீழேயே முத்திரையையும் குத்தினேன். சாயங்கால ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று சங்கரலிங்கம் அதே காரில் என்னை ஏற்றினார். இந்தத் தடவை அது புகையவில்லை.

இரண்டு மாதத்துக்குள் குழி வெட்டி முடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு நாள் காலையில் நரசிம்ம ராஜாவிடமிருந்து ஆபீசுக்குப் போன் வந்தது.

"மேடம், அந்த அம்மா வால்வை அடைச்சிருச்சு! தொட்டி நிறைஞ்சு நிக்குது. இன்னைக்கு உங்களுக்கு லோடு ஏத்தணும். நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேக்கும்."

"ஏன் அடைச்சாங்களாம்?"

"தண்ணி நாறுதாம்."

"நாறுதா சார்?"

அவர் ஞானராஜைக் கூப்பிட்டு ஏதோ விசாரிப்பது போனில் கேட்டது. பிறகு அவர், "லேசா நாறத்தான் செய்யுது மேடம். மருந்து கலக்குறதுல பிசகு" என்றார்.

"அப்ப நான் என்ன வார்த்தை சொல்றது?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். தண்ணியச் சரி பண்ணிட்டு நானே போய்த் தொறக்கச் சொல்லிக் கேட்டுக்கிடுதேன். லோடு நாளைக்குத்தான் வரும்" என்றார்.

துணி ஒரு நாள் தாமதமாக வந்தது. பெயிண்ட் ஷாப் அரை நாள் நின்றது. பேச்சியம்மாள் யார், நம் கம்பெனி வேலையை நிறுத்த அவளுக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று என் மேலதிகாரி மாடி அதிரக் கத்தினார். படிவத்தின் பதினோராம் பக்கத்தைத் திருப்பி, பேச்சியம்மாள் பெயருக்குக் கீழே நான் குத்திய முத்திரையின் மேல் விரலை வைத்துக் காட்டினேன்.